அத்தியாயம் 6: சாம் ஆணா, பெண்ணா?

சாம் கரன் சென்னை ரசிகர்களுக்குப் புதியவர் அல்ல. சூப்பர் கிங்ஸ் அணியின் மஞ்சள் சட்டையில் பந்து வீசியவர். சாம் கெர் ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற கால்பந்து வீராங்கனை. சாம் ஸ்மித் இங்கிலாந்துப் பாடகர். ஜேம்ஸ் பாண்ட் படமொன்றுக்குப் பாடிய பாட்டுக்காக 2016இல் ஆஸ்கர் வாங்கியவர். முதலாமவரின் முழுப்பெயர் சாமுவேல், ஆங்கிலத்தில் ‘ஹி’. இரண்டாமவர் சமந்தா, ‘ஷி’. மூன்றாமவரும் சாமுவேல்தான். ஆனால் ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள்ளும் தன்னை அடைக்க வேண்டாம் என்று அறிவித்து, ‘தே’ என்றே குறிப்பிடும்படி 2019இல் கேட்டுக்கொண்டார்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மெயில் எழுதும் ஏற்றுமதியாளர், பேராசிரியருக்கு விண்ணப்பம் அனுப்பும் மாணவர், ஆங்கிலச் செய்தியைத் தமிழில் தரும் உதவி ஆசிரியர் ஆகிய எல்லோரும் இந்தப் பெயர்களில் இடறுகிறார்கள். தமிழில் ‘அவர்’ என்று எழுதிச் சமாளித்துவிடலாம். ஆங்கிலத்தில் இரண்டாவது வாக்கியத்திலேயே ‘ஹி’யா, ‘ஷி’யா என்ற கேள்வி வந்து நிற்கும். இந்தப் பெயர்கள் எப்படி உருவாகின்றன, எந்த அடையாளத்தை எவ்வளவு தூரம் நம்பலாம், தெரியாத நிலையிலும் பிழையில்லாமல் எழுதுவது எப்படி என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

வாலை வெட்டினால் பால் போய்விடும்

ஆங்கிலேயர் வைத்துக்கொள்ளும் பெயர்களில் பெரும்பகுதி கிரேக்கம், லத்தீன், எபிரேயம், பிரெஞ்சு வழியாக வந்தவை. அவற்றில் பல, ஆண் பெயரின் கடைசியில் ஒரு விகுதியைச் சேர்த்துப் பெண் பெயராக்கப்பட்டவை. அலெக்சாண்டர், அலெக்சாண்ட்ரா ஆகிறார். பேட்ரிக், பேட்ரிசியா ஆகிறார். சார்ல்ஸ், சார்லட் ஆகிறார். கேப்ரியல், கேப்ரியேல் ஆகிறார். ஆண், பெண் அடையாளம் முழுக்கப் பெயரின் வாலில்தான் இருக்கிறது.

கூப்பிடுவதற்குச் சுருக்கும்போது ஆங்கிலேயர் பெரும்பாலும் தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டுகிறார்கள். வாலோடு பால் அடையாளமும் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் அலெக்ஸ், பேட் போன்ற துண்டுகள் இருவருக்கும் பொதுவாகிவிடுகின்றன. யாரும் திட்டமிட்டுப் பொதுப்பெயராக்கவில்லை. வெட்டிய இடம் அப்படி அமைந்துவிட்டது.

சில நேரம் தலையை வெட்டி வாலை வைத்துக்கொள்வதும் உண்டு. ஆண்ட்ரூவின் கடைசித் துண்டு ‘ட்ரூ’. அலெக்சாண்டர், அலெக்சாண்ட்ரா இரண்டின் நடுத்துண்டிலிருந்து ‘சாண்டி’ வருகிறது. வெட்டிய துண்டோடு ‘ஈ’ ஒலியைச் சேர்த்துச் செல்லமாக்குவது இன்னொரு வழக்கம்: சார்லி, பாபி, ஆண்டி, ஃப்ராங்கி.

ஆனால் எல்லாச் சுருக்கமும் பொதுப்பெயர் ஆகிவிடாது. பில், டிக், ஜிம், டெட் என்றால் ஆண் என்றே எடுத்துக்கொள்ளலாம். லிஸ், கேட், பெக்கி, சூ என்றால் பெண். எதிர்ப்பாலில் அதே தலையோடு பரவலான ஒரு பெயர் இல்லாதவை இவை.

அடிக்கடி எதிர்ப்படும் பெயர்கள்

கீழே உள்ள பட்டியலில் பெரும்பாலான பெயர்களுக்கு எல்லோரும் அறிந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தரப்பட்டிருக்கிறார்கள்.

• அலெக்ஸ்: அலெக்சாண்டர், அலெக்சாண்ட்ரா. இங்கிலாந்துத் தொடக்க ஆட்டக்காரர் அலெக்ஸ் ஹேல்ஸ் ஆண். 2017இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் சுழற்பந்து வீச்சாளர் அலெக்ஸ் ஹார்ட்லி பெண்.

• பேட்: பேட்ரிக், பேட்ரிசியா. ஆஸ்திரேலிய கேப்டன் பேட் கம்மின்ஸ் ஆண். டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியை 38 பருவங்கள் பயிற்றுவித்த பேட் சம்மிட் பெண்.

• கிறிஸ்: கிறிஸ்டோபர், கிறிஸ்டியன், கிறிஸ்டின், கிறிஸ்டினா. சிக்ஸர் மன்னர் கிறிஸ் கெய்ல் ஆண். டென்னிஸில் 18 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற கிறிஸ் எவர்ட் பெண்.

• நாட்: நதானியல், நடாலி. பாடகர் நாட் கிங் கோல் ஆண். இங்கிலாந்து ஆல்ரவுண்டர் நாட் சிவர்-ப்ரன்ட் பெண்.

• மெல்: மெல்வின்; மெலனி, மெலிசா. நகைச்சுவைப் பட இயக்குநர் மெல் ப்ரூக்ஸ் ஆண். ஆஸ்திரேலிய வீராங்கனையாக இருந்து வர்ணனையாளரான மெல் ஜோன்ஸ் பெண்.

• ஸ்டெஃப்: ஸ்டெஃபன், ஸ்டெஃபனி. பெண்களிடமே இந்தச் சுருக்கம் அதிகம். அதை நம்பி எழுதினால் கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டெஃப் கரியைப் பெண்ணாக்கிவிடுவீர்கள்.

• ஸ்டீவி: ஸ்டீவி வொண்டர் ஆண், இயற்பெயர் ஸ்டீவ்லண்ட். ஸ்டீவி நிக்ஸ் பெண், இயற்பெயர் ஸ்டெஃபனி. இருவருமே பாடகர்கள் என்பதால் குழப்பம் இரட்டிப்பு.

• மோ: தொலைதூர ஓட்டக்காரர் மோ ஃபாராவும் கால்பந்து வீரர் மோ சலாவும் முகமது என்பதன் சுருக்கம். 1997 முதல் 1999 வரை பிரிட்டனின் வட அயர்லாந்து அமைச்சராக இருந்த மோ மோலம் பெண், இயற்பெயர் மார்ஜரி.

மேக்ஸ் (மேக்ஸ்வெல், மேக்சின்), விக் (விக்டர், விக்டோரியா), லூ (லூயிஸ், லூயீஸ்), ஜெஸ் (ஜெஸ்ஸி, ஜெசிகா), ரான்னி (ரொனால்ட், வெரோனிகா) ஆகியவற்றையும் இதே வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சார்லியைத் தனியாகப் பார்க்க வேண்டும். சார்லி என்றதும் நமக்குச் சாப்ளின் ஞாபகம் வந்துவிடும். 2022 செப்டம்பர் 24 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் இந்திய வீராங்கனை ஜூலன் கோஸ்வாமியின் கடைசி ஆட்டம். இங்கிலாந்தின் கடைசி விக்கெட் ஜோடி வெற்றியை நெருங்கிக்கொண்டிருந்தபோது, 47 ரன்னில் இருந்த சார்லி டீன், பந்து வீசும் முன்பே கோட்டை விட்டு நகர்ந்ததால் தீப்தி ஷர்மாவால் ரன் அவுட் ஆக்கப்பட்டார். இந்தியா 16 ரன்னில் வென்றது. சரியா, தவறா என்று உலகமே வாதிட்டது. அந்தச் சார்லி, சார்லட் எலன் டீன். ஆட்டத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் வைத்துச் செய்தி எழுத உட்கார்ந்தவர் முதல் வரியிலேயே வழுக்கியிருப்பார்.

எழுத்துக்கூட்டலை எவ்வளவு நம்பலாம்?

காதுக்கு ஒன்றாகக் கேட்கும் பெயர்களை எழுத்தில் பிரித்துக் காட்டும் பழக்கம் ஆங்கிலத்தில் உண்டு. ‘ஜோ’ என்பதைக் கடைசியில் ‘ஈ’ எழுத்துச் சேர்த்து எழுதினால் பெரும்பாலும் ஜோசப். சேர்க்காமல் இரண்டே எழுத்தில் எழுதினால் ஜோனா, ஜோசஃபின், ஜோஆன். ‘பாபி’, ‘டோனி’, ‘டெர்ரி’, ‘நிக்கி’ போன்றவை ‘ஒய்’ எழுத்தில் முடிந்தால் ஆண் பக்கமும், ‘ஐ’ அல்லது ‘ஐ, ஈ’ என்று முடிந்தால் பெண் பக்கமும் சாயும். டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் தன் பெயரை ‘ஐ, ஈ’ போட்டுத்தான் எழுதுவார்.

இது சாய்வு மட்டுமே, சட்டம் இல்லை. நோபல் பரிசு பெற்ற டோனி மாரிசனும், ஜெர்மனியின் கால்பந்து வீரர் டோனி க்ரூஸும் ஒரே எழுத்துக்கூட்டலில் ‘ஐ’யில் முடிகிறார்கள், முதலாமவர் பெண், மற்றவர் ஆண். குற்றப்புனைவு எழுத்தாளர் ஜோ நெஸ்போ இரண்டெழுத்து ஜோதான். ஆனால் அவர் நார்வேக்காரரான ஆண். சார்லி, ஃப்ராங்கி, ஜேமி மூன்றும் இருபாலுக்கும் ‘ஐ, ஈ’யில்தான் முடிகின்றன. ஆகவே எழுத்துக்கூட்டலை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கப்பெயரைப் பார்த்து முழுப்பெயரை ஊகிப்பதும் ஆபத்து. ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் அலெக்ஸ் கேரி வெறும் அலெக்ஸ்தான், அலெக்சாண்டர் இல்லை. ஹாலிவுட் நடிகை ட்ரூ பேரிமோரும் பிறப்பிலேயே ட்ரூ. செல்லப்பெயரையே பிறப்புச் சான்றிதழில் பதிவது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சாதாரணம்.

காலமும் ஊரும்

ஒரு பெயர் எந்தப் பக்கம் சாயும் என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ‘கிம்’ இதற்கு நல்ல சான்று. ருட்யார்ட் கிப்ளிங் 1901இல் வெளியிட்ட நாவலின் நாயகன் கிம், லாகூர்த் தெருக்களில் வளரும் சிறுவன். முழுப்பெயர் கிம்பால் ஓ’ஹாரா. 1912இல் அம்பாலாவில் ஓர் ஆங்கிலேய அதிகாரிக்குப் பிறந்த ஹெரால்ட் ஃபில்பிக்கு அந்தக் கதாபாத்திரத்தின் பெயரே செல்லப்பெயராக ஒட்டிக்கொண்டது. பின்னாளில் சோவியத் உளவாளி கிம் ஃபில்பி என்று உலகம் அறிந்தது அவரைத்தான். 1984இல் கண்ணீரோடு கிரிக்கெட் கேப்டன் பதவியைத் துறந்த ஆஸ்திரேலியரான கிம் ஹியூஸும் ஆண்; முழுப்பெயர் கிம்பர்லி ஜான் ஹியூஸ். இன்று கிம் என்றால் கிம் கிளைஸ்டர்ஸ், கிம் கர்தாஷியன் என்று பெண்களே நினைவுக்கு வருகிறார்கள். எழுபது வயது ஆஸ்திரேலியர் கிம் என்றால் ஆணாக இருக்க வாய்ப்பு உண்டு. முப்பது வயது அமெரிக்கர் கிம் என்றால் பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம்.

‘ஆஷ்’ என்பதும் அப்படியே. ஆஷ்லி ஒரு காலத்தில் ஆண் பெயர். இங்கிலாந்துச் சுழற்பந்து வீச்சாளர் ஆஷ்லி ஜைல்ஸ் ஓர் உதாரணம். 2021இல் விம்பிள்டன் வென்ற ஆஷ் பார்ட்டி பெண். நம் ரவிச்சந்திரன் அஸ்வினையும் சக வீரர்கள் ஆஷ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு பெயரின் சாய்வை அறிய நம்பகமான வழி ஒன்று உண்டு. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதல் பிறந்த குழந்தைகளின் பெயர்களை ஆண்டுவாரியாக, ஆண், பெண் எனப் பிரித்து வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த ஆண்டில் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது தெரிந்துவிடும். உங்கள் எதிரில் இருக்கும் அந்த ஒரு நபர் யார் என்பதை மட்டும் அது சொல்லாது.

இனிஷியலும் பட்டப்பெயரும்

முழுப்பெயரிலிருந்து வராத பொதுப்பெயர்களும் உண்டு. முதல் வகை இனிஷியல். ஏபி டிவில்லியர்ஸ் ஆண். ராக் பாடகி பிஜே ஹார்வி பெண். சிஜே, ஏஜே, டிஜே எல்லாமே இருபாலுக்கும் உரியவை. பெண் எழுத்தாளர் என்று தெரிந்தால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்று பதிப்பாளர்கள் நினைத்ததால்தான் ஜோஆன் ரவுலிங், ஜே.கே. ரவுலிங் ஆனார். 1967இல் முதல் நாவலை வெளியிட்ட எஸ்.இ. ஹின்டனின் கதையும் ஏறக்குறைய அதுவே. இனிஷியலோடு வரும் பெயரை ஆண் என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது வகை குடும்பப் பெயரிலிருந்து வருவது: ஸ்மித் என்றால் ‘ஸ்மிதி’, ஜோன்ஸ் என்றால் ‘ஜோன்சி’. குடும்பப் பெயருக்கு ஆண், பெண் கிடையாது. அதிலிருந்து வரும் செல்லப்பெயருக்கும் இல்லை. ஆண்கள் அணியிலும் பெண்கள் அணியிலும் இவை ஒன்றுபோல் புழங்குகின்றன.

மூன்றாவது வகை உருவத்தையோ குணத்தையோ வைத்து வருவது. ஆஸ்திரேலியாவில் செம்பட்டை முடிக்காரரை ‘ப்ளூயி’ என்பார்கள்; தலைகீழாகச் சொல்வது அவர்கள் வேடிக்கை. 2018இல் தொடங்கிய ‘ப்ளூயி’ கார்ட்டூனில் வரும் நீல நாய்க்குட்டி பெண் குட்டி. ஆண் குட்டி என்று நினைத்துப் பார்க்கும் பெரியவர்கள் ஏராளம்.

மெயில் எழுதும்போது

கிறிஸ் டெய்லர் என்பவரிடமிருந்து மெயில் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆணா, பெண்ணா தெரியவில்லை. பதில் எழுத வேண்டும்.

முதலில் மெயிலின் அடியைப் பாருங்கள். நிறுவன முகவரியோடு அச்சிட்டதுபோல இருப்பது கையெழுத்துப் பட்டை. அதற்கு மேலே அவரே தட்டச்சு செய்த பெயர் இருக்கும். பட்டையில் ‘கிறிஸ்டின்’ என்று இருந்து, மேலே ‘கிறிஸ்’ என்று முடித்திருந்தால், கிறிஸ் என்று கூப்பிட அனுமதி தந்துவிட்டார் என்று பொருள். ‘கிறிஸ்டோபர்’ என்று முழுதாக முடித்திருந்தால் நீங்களாகக் கிறிஸ் ஆக்காதீர்கள். சிலருக்குச் சுருக்குவது பிடிக்காது.

விளிக்கும்போது ‘டியர் கிறிஸ்’ போதும். முதல் மடல், கொஞ்சம் மரியாதை வேண்டும் என்று தோன்றினால் ‘டியர் கிறிஸ் டெய்லர்’ என்று முழுப்பெயரும் போடலாம். மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். மாறாக நாம் பழக்கதோஷத்தில் எழுதும் ‘டியர் சார்’ ஒரு கிறிஸ்டினுக்குப் போய்ச் சேர்ந்தால் சங்கடம்தான். ‘மிஸ்டர் கிறிஸ்’ என்று எழுதுவதும் தவறு. மிஸ்டர், மிஸ் எல்லாம் குடும்பப் பெயரோடுதான் சேரும்: மிஸ்டர் டெய்லர், மிஸ் டெய்லர். ‘ஹாய் டியர்’ என்று தொடங்குவதை அறவே தவிருங்கள். இந்திய அலுவலகங்களில் சகஜமாகப் புழங்கும் இந்த விளி, அவர்களுக்குக் காதலர் பேச்சாகத் தொனிக்கும்.

கிறிஸைப் பற்றி மூன்றாமவருக்கு எழுதும்போதுதான் ‘ஹி’, ‘ஷி’ சிக்கல் வரும். தப்பிக்க மூன்று வழிகள். பெயரையே திரும்ப எழுதலாம்: ‘ஹிஸ் கமென்ட்ஸ்’ என்பதற்குப் பதில் ‘கிறிஸ்’ஸ் கமென்ட்ஸ்’. வாக்கியத்தை மாற்றி, பிரதிப்பெயரே வராமல் எழுதலாம். அல்லது ‘தே’ போடலாம். ஒருமைக்கு ‘தே’ எழுதுவது இலக்கணப் பிழை என்று பள்ளியில் படித்திருப்போம். பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் அந்த வழக்கு இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் சொல்லாக மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதைத்தான் தேர்ந்தெடுத்தது. ஒன்று மட்டும் கவனம்: ஆள் ஒருவரே ஆனாலும் ‘தே ஆர்’ என்றுதான் எழுத வேண்டும், ‘தே இஸ்’ கிடையாது.

‘எம்எக்ஸ்’ என்று எழுதி ‘மிக்ஸ்’ என உச்சரிக்கும் பொது அடைமொழி 2015இல் ஆக்ஸ்ஃபோர்டின் இணைய அகராதியில் இடம்பெற்றது. அவரே அதைப் பயன்படுத்தியிருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். தெரியாதவருக்கெல்லாம் போடும் அடைமொழி அல்ல அது.

எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது?

அன்றாட வேலைக்கு ஒருவர் ஆணா, பெண்ணா என்பது தேவையே இல்லை. விசா அழைப்புக் கடிதம், விமான டிக்கெட், விருந்தினர் தங்கும் அறை, மேடை அறிமுகம் போன்றவற்றுக்கு மட்டும் தேவைப்படும். அங்கே செல்லப்பெயர் செல்லாது. ‘பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் முழுப்பெயரும் டிக்கெட்டுக்கான அடைமொழியும் தர முடியுமா?’ என்று கேளுங்கள். காரணத்தோடு கேட்கும் கேள்வி யாரையும் உறுத்தாது. மேடை அறிமுகத்துக்கு, ‘உங்களை எப்படி அறிமுகப்படுத்தட்டும்?’ என்பது போதும்.

‘உங்கள் உண்மையான பெயர் என்ன?’ என்று கேட்காதீர்கள். அவர் சொன்ன பெயரும் உண்மையான பெயர்தான். தொலைபேசிக் குரலை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். பலர் மெயில் பட்டையிலும் லிங்க்ட்இன் பக்கத்திலும் தங்கள் பிரதிப்பெயரைத் தாங்களே போட்டிருக்கிறார்கள். கேட்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். தப்பாக எழுதிவிட்டது தெரிந்தால் ஒரு வரி வருத்தம் தெரிவித்து, அடுத்த வாக்கியத்திலிருந்து சரியாக எழுதுங்கள். நீளமான மன்னிப்புக் கடிதம் எதிராளிக்குத்தான் தொல்லை.

உங்கள் பெயரை அவர்கள் எப்படிப் படிப்பார்கள்?

இதே குழப்பம் அந்தப் பக்கமும் உண்டு. ‘ஆ’ ஒலியில் முடிந்தால் பெண் என்பது ஆங்கிலேயரின் காதுப்பழக்கம்: அலெக்சாண்ட்ரா, பேட்ரிசியா, சமந்தா. எனவே பாலா, சிவா, சூர்யா, ராஜா என்று கையெழுத்திடும் ஆண்களுக்கு ‘மிஸ்’ போட்டுக் கடிதம் வருவதில் வியப்பில்லை. ஜோதி, மணி, கிரண் போன்ற பெயர்கள் நமக்கே பொதுப்பெயர்கள்; அவர்களுக்குச் சுத்தமாகப் பிடிபடாது. கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் ஆங்கில வர்ணனையில் கிரிஸ் ஸ்ரீகாந்த் ஆனதுபோலப் பெயரைச் சுருக்கிக்கொண்டால், உச்சரிப்புச் சிரமம் தீரும்; ஆணா, பெண்ணா என்ற கேள்வி புதிதாக முளைக்கும்.

உங்களுக்குப் பிடித்தால் சுருக்கிக்கொள்ளுங்கள். ஆனால் நீங்களே தேர்ந்தெடுங்கள். பிறர் சூட்டும்வரை காத்திருக்காதீர்கள். எங்கும் ஒரே பெயரையே பயன்படுத்துங்கள். மெயிலில் ஒன்று, பேச்சில் ஒன்று, லிங்க்ட்இன்னில் ஒன்று என்றிருந்தால் மூன்று ஆட்கள் என்றே நினைப்பார்கள். ஊதியம், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றில் பாஸ்போர்ட் பெயரைத் தவிர வேறொன்றும் வேண்டாம்.

நினைவில் வைக்க

1. அவர் எந்தப் பெயரில் மெயிலை முடித்தாரோ அந்தப் பெயரிலேயே, அதே எழுத்துக்கூட்டலில் விளியுங்கள்.

2. எழுத்துக்கூட்டல், வயது, நாடு எல்லாம் துப்பு மட்டுமே.

3. தெரியாதபோது ‘சார்’, ‘மேடம்’ வேண்டாம்; பெயர் போதும்.

4. மூன்றாமவருக்கு எழுதும்போது பெயரைத் திரும்ப எழுதுங்கள், அல்லது ‘தே’ போடுங்கள்.

5. செய்தியோ மொழிபெயர்ப்போ எழுதுபவர், ஆளின் படத்தையோ அதிகாரபூர்வப் பக்கத்தையோ பார்க்காமல் வீரர், வீராங்கனை என்று முடிவு செய்யக் கூடாது.

6. பயண ஆவணம் என்றால் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகுமுன் உங்கள் மெயில் கையெழுத்துப் பட்டையை ஒரு முறை திறந்து பாருங்கள். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும், மிஸ்டரா, மிஸ்ஸா என்பது அதில் தெரியவில்லை என்றால் இன்றே சேர்த்துவிடுங்கள்.